நான்காவது பெயருக்கு முன்பு

வாசகியின் கடிதம்:

ஐயா, அப்புத்தளைக்கும் பண்டாரவளைக்கும் இடையிலுள்ள ஒரு சிறு ஊரில் நானும் என் தம்பியும் நான்கு வருடங்களாகத் தேயிலைத் தூளைப் பொதி செய்து விற்று வருகிறோம். ஊவாவில் ஒரு தொழிற்சாலையில் வாங்குகிறோம். தட்டுப்பாடு வரும்போது இரத்தினபுரிப் பக்கத்து வியாபாரி ஒருவரிடமும் வாங்குவோம். முதலில், கொழுந்து எடுத்தே பிள்ளைகளை வளர்த்த எங்கள் அம்மாயியின் பெயரில் விற்றோம். பிறகு ‘கோல்ட்’ என்று முடியும் ஓர் ஆங்கிலப் பெயருக்கு மாறினோம். போன வருடம் தம்பியின் மகளுடைய பெயரை வைத்தோம். சில கடைக்காரர்கள் இன்னும் அம்மாயியின் பெயரைச் சொல்லித்தான் ஓடர் கொடுக்கிறார்கள். விற்பனை ஓரளவு நடக்கிறது, ஆனால் கடைக்கு வருபவர்கள் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குவது குறைவு. கொழும்பில் வேலை செய்துவிட்டு வந்த தம்பி, “பாட்டுக்காரர்களைப் பார், பெயரைச் சொன்னாலே கூட்டம் சேருகிறது, அவர்கள் செய்வதையே நாமும் செய்வோம்” என்கிறான். நான்காவதாக ஓர் ஆங்கிலப் பெயர், கொழும்பு வடிவமைப்பாளர் ஒருவரிடம் ஒன்றரை இலட்சம் ரூபாவுக்கு ஒரு சின்னம், வரப்போகும் திருவிழாவில் இசைக்குழு நிகழ்ச்சிக்கு இரண்டு இலட்சம் ரூபா அனுசரணை, பிரபலமான சினிமாப் பாட்டோடு ஒரு வீடியோ விளம்பரம் என்பதே அவனுடைய திட்டம். எங்கள் கையில் இருப்பது நான்கு இலட்சம். இசைக் கலைஞர்களிடம் எங்களைப் போன்றவர்கள் கற்றுக்கொள்ள உண்மையிலேயே ஏதாவது இருக்கிறதா? எங்களுடைய பக்கற்றுகள் மூன்றை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கற்றுக்கொள்ள நிறையவே இருக்கிறது. உங்கள் தம்பி சரியான ஆட்களைத்தான் சுட்டிக்காட்டியிருக்கிறார். ஆனால் அவர் பார்த்திருப்பது மேடை வெளிச்சத்தையும் சுவரொட்டியையும் திரண்டு நிற்கும் கூட்டத்தையும்; இவை ஒரு கலைஞர் பெயர் எடுத்த பிறகு வந்து சேருபவை. பெயர் எடுப்பதற்கு முன் அவர்கள் என்ன செய்தார்கள், எதை மாற்றினார்கள், எதை மாற்றவே இல்லை என்பதைப் பார்த்தால், அவருடைய திட்டத்தில் உள்ள நான்கையும் அவர் நினைத்தபடி செய்ய வேண்டாம் என்றே நான் சொல்வேன்.

முதலில் உங்கள் பக்கற்றுகளைப் பற்றிப் பேச வேண்டும். நீங்கள் அனுப்பிய மூன்றில் இரண்டு ஒரே பெயரும் ஒரே லேபிளும் ஒரே எடையும் கொண்டவை. பொதி செய்த திகதி மட்டுமே வேறு. ருசி பார்ப்பதற்கான சர்வதேச நியமத்தின்படி, நூறு மில்லிலீற்றர் கொதிநீருக்கு இரண்டு கிராம் தூள், ஆறு நிமிடம் என்ற கணக்கில், இரண்டையும் வெள்ளைக் கோப்பைகளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஓகஸ்ட் மாதத் திகதி கொண்ட பக்கற்றின் சாயம் செம்பு நிறத்தில் தெளிவாக இருந்தது. கோப்பையை முகத்தருகே கொண்டுவரும் முன்பே மணம் வந்தது. நாக்கின் ஓரத்தில் ஒரு கூர்மை தெரிந்தது. நவம்பர் திகதி கொண்டதில் சாயம் கறுத்துத் தடிப்பாக இறங்கியது. பால் ஊற்றினால் அது நன்றாகவே நிற்கும். பிளேன்டீயாகக் குடித்தால் அந்த மணத்தைத் தேட வேண்டியிருந்தது. இரண்டையும் மோசம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு குடிக்கும் எவரும் இவை ஒரே பக்கற்றிலிருந்து வந்தவை என்று நம்ப மாட்டார்கள்.

காரணம் உங்களுக்கே தெரிந்ததுதான். ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாவில் வீசும் வரண்ட கச்சான் காற்றில் கொழுந்துக்கு வரும் மணம் வருடத்தின் மற்ற மாதங்களில் வராது. இரத்தினபுரிப் பக்கத்துத் தாழ்நாட்டுத் தூளோ நிறத்துக்கும் தடிப்புக்கும் பெயர் போனது. தட்டுப்பாட்டு மாதத்தில் நீங்கள் ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றைப் போட்டு, அதே லேபிளை ஒட்டியிருக்கிறீர்கள். ஓகஸ்டில் வாங்கிப் பிடித்துப்போன ஒருவர் நவம்பரில் திரும்பி வந்தால், அவர் கேட்டு வந்தது அங்கே இல்லை. மூன்றாவது முறை அவர் பெயர் சொல்லிக் கேட்காதது உங்களுடைய பெயரின் குற்றமாக எனக்குத் தோன்றவில்லை.

இசைக் கலைஞர்களிடம் படிக்க வேண்டிய முதல் பாடமும் இதுவே. 1976இல் ‘அன்னக்கிளி’ படத்தில் அறிமுகமான இளையராஜா, அதன் பின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களுக்கு இசையமைத்திருக்கிறார். நாட்டுப்புற மெட்டு, கர்நாடக இராகம், மேற்கத்திய வாத்தியக் கோவை என்று அவர் தொடாத வகை இல்லை. இருந்தும், ஹட்டனிலிருந்து கண்டிக்குப் போகும் பஸ்ஸில் முன்பு கேட்டிராத ஒரு பழைய பாட்டு ஒலித்தால், பாடகர் வாய் திறக்கும் முன்பே, வயலின்கள் சேர்ந்து எழும் விதத்தையும் அடியில் ஓடும் பேஸ் கிட்டாரையும் கேட்டு, ‘இது ராஜா’ என்று பின் சீட்டில் இருப்பவர் சொல்லிவிடுகிறார். அந்தப் பயணி படத்தின் சுவரொட்டியையும் பார்க்கவில்லை, பெயரையும் படிக்கவில்லை. ஒரு வியாபாரப் பெயரிடம் நாம் எதிர்பார்க்க வேண்டியதும் அந்த அடையாளம்தான். லேபிளைக் கிழித்துவிட்டுத் தூளை மட்டும் கொடுத்தால் உங்கள் வாடிக்கையாளர் அதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆகவே கையிலுள்ள பணத்தில் முதல் செலவு கலவைக்குப் போகட்டும். பெரிய கம்பனிகள் கொழும்பு ஏலத்தில் பல தொழிற்சாலைகளின் தூளை வாங்கிக் கலப்பது மலிவுக்காக மட்டுமல்ல. எந்த மாதத்தில் வாங்கினாலும் ஒரே ருசி வர வேண்டும் என்பதற்காகவும்தான். உங்களால் அந்த அளவுக்குச் செய்ய முடியாது, செய்யவும் வேண்டியதில்லை. ஊவாத் தூளும் தாழ்நாட்டுத் தூளும் எந்த வீதத்தில் சேர்ந்தால் உங்களுக்கு வேண்டிய கோப்பை வரும் என்று ஒரு முறை தீர்மானித்து, அந்தக் கலவையின் மாதிரியைக் காற்றுப் புகாத டின்னில் வைத்துக்கொள்ளுங்கள். தூள் நாளடைவில் மணம் இழக்கும் என்பதால் அந்த மாதிரியைச் சில மாதங்களுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். புதிதாக வாங்கும் ஒவ்வொரு மூடையையும் பொதி செய்யும் முன், நான் மேலே சொன்ன கணக்கில் ஊற்றி, அந்த மாதிரியோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒத்து வராவிட்டால் வீதத்தை மாற்றுங்கள். அப்படியும் வராவிட்டால் அந்தத் தூளை உங்கள் பெயரில் விற்காதீர்கள், மொத்த வியாபாரிக்குப் பெயரில்லாமல் கொடுத்துவிடுங்கள். ஒரு வாரம் கடையில் உங்கள் பக்கற்று இல்லாமல் இருப்பது, வேறு ருசியோடு இருப்பதைவிடக் குறைந்த நட்டம்.

இனிப் பெயரைப் பற்றி. 1993இல் அமெரிக்கப் பாடகர் பிரின்ஸ், தம்முடைய இசைத்தட்டுக் கம்பனியோடு ஏற்பட்ட பிணக்கில், தம் பெயரை விட்டுவிட்டு வாயால் உச்சரிக்க முடியாத ஒரு குறியீட்டைப் பெயராக வைத்துக்கொண்டார். அதை அச்சிடுவதற்குப் பத்திரிகைகளுக்குத் தனியாகக் கணினி எழுத்துரு அனுப்ப வேண்டியிருந்தது. அப்படியும் எழுதியவர்கள் ‘முன்பு பிரின்ஸ் என்று அறியப்பட்ட கலைஞர்’ என்றே எழுதினார்கள். இரசிகர்கள் பிரின்ஸ் என்றே சொன்னார்கள். 2000இல் அவர் பழைய பெயருக்குத் திரும்பினார். உலகம் முழுதும் பாட்டுகளால் அறியப்பட்ட ஒருவரே தம் பெயரைச் சனங்களின் வாயிலிருந்து எடுக்க முடியவில்லை என்றால், நீங்கள் பெயர் மாற்றி வருடங்கள் ஆன பிறகும் கடைக்காரர்கள் அம்மாயியின் பெயரைச் சொல்லி ஓடர் கொடுப்பதில் வியப்பில்லை. உங்கள் கடிதத்தில் எனக்கு மிகுந்த நம்பிக்கையளித்த வரியே அதுதான். நீங்கள் கைவிட்ட பிறகும் சந்தை கைவிடாத ஒரு பெயர் உங்களிடம் இருக்கிறது. அதை விட்டு நான்காவது பெயருக்குப் போக வேண்டாம். முதல் பெயருக்கே திரும்புங்கள்.

பெயரை மாற்றவே கூடாது என்று சொல்லவில்லை. ஏ. ஆர். ரகுமான் திலீப் குமார் என்ற பெயரோடு பிறந்தவர். 1992இல் வெளிவந்த முதல் படமான ‘ரோஜா’வுக்கு முன்பே அவர் பெயரை மாற்றிவிட்டார், ஆகவே இரசிகர்கள் கண்டது ஒரே பெயரைத்தான். சனங்களுக்குத் தெரியும் முன்பு எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், அதற்குச் செலவு இல்லை. தெரிந்த பிறகு மாற்றினால் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஆங்கிலப் பெயர் வைத்தால் மதிப்பு வரும் என்ற எண்ணத்துக்கும் நம் நாட்டு இசையிலேயே பதில் இருக்கிறது. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் தமிழில் பொப் பாட்டுப் பாடத் தொடங்கியபோது, சென்னைச் சினிமாப் பாட்டைப் போல் பாடுவதுதான் பாதுகாப்பான வழியாக இருந்தது. அவர்கள் பைலாத் தாளத்தை எடுத்துக்கொண்டு, நம் ஊர்ப் பேச்சைத் தயங்காமல் பாட்டில் வைத்தார்கள். ‘சுராங்கனி’ கடல் கடந்து போனது அப்படித்தான். தமிழ்நாட்டுத் திரையுலகம் மனோகரனை ‘சிலோன் மனோகர்’ என்றே அழைத்தது. அவர் வந்த இடமே அவருடைய பெயரின் முன்பாதியாகிவிட்டது. 1972இல் நாட்டின் பெயர் மாறிய பின்னரும் ஏற்றுமதித் தேயிலை ‘சிலோன் டீ’யாகவே இருப்பதும் இதே கணக்கில்தான். இலங்கைத் தேயிலைக் கம்பனியான டில்மாவின் பெயரோ நிறுவுனர் மெரில் ஜே. பெர்னாண்டோவின் பிள்ளைகளான டில்ஹான், மாலிக் என்ற இருவரின் பெயர்களிலிருந்து பிறந்தது. அவரே விளம்பரத்தில் தோன்றித் தம் தேயிலையைக் குடித்துப் பார்க்கச் சொன்னார். குடும்பப் பெயர் சிறு வியாபாரத்தின் அடையாளம், ஆங்கிலப் பெயர் பெரிய வியாபாரத்தின் அடையாளம் என்று நினைப்பதற்கு ஆதாரம் இல்லை. கொழுந்து எடுத்தே பிள்ளைகளை வளர்த்த ஒரு பெண்ணின் பெயரைத் தேயிலைப் பக்கற்றில் போடுவதற்கு உங்களுக்கு இருக்கும் உரிமை எந்தக் கொழும்புக் கம்பனிக்கும் இல்லை.

லேபிளில் ஒன்றைக் கவனித்தேன். மூன்று பக்கற்றுகளிலும் மலை இருக்கிறது, மூட்டம் இருக்கிறது, கூடை சுமந்த ஒரு பெண் இருக்கிறார், கீழே இரண்டு இலையும் ஒரு மொட்டும் இருக்கின்றன. நகரத்துச் சுப்பர்மார்க்கெட்டில் தேயிலைத் தட்டின் முன் நின்று பார்த்தால், இதே நான்கு படங்களும் பாதிப் பக்கற்றுகளில் இருக்கும். மாலையில் தோட்டத்து லய வீடுகளின் பக்கம் வரும் பாண் முச்சக்கரவண்டி பீதோவனின் ‘ஃபியூர் எலிஸ்’ மெட்டை ஒலித்துக்கொண்டு வருவது உங்களுக்குத் தெரியும். அந்த மெட்டைக் கேட்டதும் பிள்ளைகள் சில்லறையோடு வாசலுக்கு ஓடுகிறார்கள், ஆனால் வந்திருப்பது எந்த பேக்கரியின் வண்டி என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. பாண் வந்துவிட்டது என்று சொல்லும் மெட்டு அது, அவ்வளவுதான். உங்கள் லேபிளும் ‘இது தேயிலை’ என்று மட்டுமே சொல்கிறது. நம் தோட்டங்களில் தப்பு மேளத்தின் சத்தம் கேட்டால் அது சாவு வீட்டுக்கா, சாமி ஊர்வலத்துக்கா, காமன் கூத்துக்கா என்று அடியைக் கொண்டே எவரும் சொல்லிவிடுவார்கள். அடிப்பவர் யார் என்பதையும் சேர்த்துச் சொல்லும் பெரியவர்கள் உண்டு. அந்த இரண்டாவது அறிதலைத்தான் நீங்கள் தேடுகிறீர்கள்.

இதற்கு ஒன்றரை இலட்சம் ரூபாவில் ஒரு சின்னம் தேவையில்லை. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் நாக்குச் சின்னத்தை 1970இல் ஜோன் பாஷ் என்ற கலைக்கல்லூரி மாணவர் 50 பவுணுக்கு வரைந்து கொடுத்தார். 2008இல் அதன் மூல ஓவியத்தை இலண்டனின் விக்டோரியா அன்ட் அல்பர்ட் அருங்காட்சியகம் 92,500 டொலருக்கு வாங்கியது. இடையில் அந்தப் படத்தில் ஒரு கோடுகூடப் புதிதாகச் சேர்ந்து அதன் விலை ஏறவில்லை. பாடல்களும் மேடைகளும் ஏற்றிய விலை அது. பண்டாரவளையிலோ பதுளையிலோ நல்ல எழுத்துக் கலைஞர் ஒருவரிடம் அம்மாயியின் பெயரை வேறு எங்கும் இல்லாத ஒரு தனி வடிவில் எழுதி வாங்குங்கள். ஒரே ஒரு நிறத்தைத் தெரிவு செய்யுங்கள். மலையையும் மூட்டத்தையும் எடுத்துவிடுங்கள். அதன் பின் குறைந்தது ஐந்து வருடத்துக்கு அதைத் தொடாதீர்கள். உங்களுக்கு அலுத்துப்போகும் நாளில்தான் வாடிக்கையாளர் அதைக் கவனிக்கவே தொடங்கியிருப்பார்.

திருவிழா அனுசரணையைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன்: வேண்டாம். இசையோடு ஒரு பொருளின் பெயரை இணைப்பது நல்ல வழிதான்; அதற்கு நம் நாட்டிலிருந்தே பெரிய உதாரணம் உண்டு. 1952இல் இலங்கை வானொலியில் அமீன் சயானி நடத்தத் தொடங்கிய ‘பினாக்கா கீத்மாலா’ என்ற ஹிந்திப் பாடல் நிகழ்ச்சி, ஒரு பற்பசையின் பெயரை இந்தியா முழுதும் வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தது. பற்பசைக்கும் பாட்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனால் வாரந்தோறும், அதே நாளில், அதே குரலில், எண்பதுகளின் பிற்பகுதி வரை அந்த நிகழ்ச்சி நம் வானொலியிலிருந்து ஒலித்தது. ஒரு தலைமுறை அதைக் கேட்டே வளர்ந்தது. உங்கள் தம்பி வாங்க நினைப்பதோ ஒரு இரவு. மேடையின் பின்னால் கட்டிய பதாகையில் உங்கள் பெயரோடு தொலைபேசிக் கடையும் நகைக்கடையும் பிரதேச சபை வேட்பாளரும் இருப்பார்கள். மறுநாள் காலையில் சனங்களுக்கு நினைவிருப்பது பாடியவரின் பெயர். கோயிலுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று உங்களுக்கு மனமிருந்தால், திருவிழா நாட்களில் வருகிறவர்களுக்கு உங்கள் தேயிலையில் போட்ட தேநீரை ஊற்றிக் கொடுங்கள், அதையே ஒவ்வொரு வருடமும் செய்யுங்கள்.

கூட்டம் எப்படிச் சேருகிறது என்பதற்கு நான் மிகவும் மதிக்கும் உதாரணம் கிரேட்புல் டெட் என்ற அமெரிக்க இசைக்குழு. இங்கே அவர்களை அறிந்தவர்கள் குறைவு. 1971இல் வெளியிட்ட ஓர் இசைத்தட்டின் உறையில், இரசிகர்கள் தங்கள் பெயரையும் முகவரியையும் எழுதி அனுப்பினால் செய்தி அனுப்புவோம் என்று ஒரு குறிப்பை அச்சிட்டார்கள். அந்த முகவரிகளைச் சேர்த்து வைத்துக் கடிதம் எழுதினார்கள். வானொலியும் பத்திரிகையும் கவனிக்காத காலத்திலும் அடுத்த கச்சேரி எங்கே என்று இரசிகர்களுக்குத் தெரிந்திருந்தது. மற்றக் குழுக்கள் கச்சேரியை ஒலிப்பதிவு செய்பவர்களைத் துரத்தியபோது, இவர்கள் 1984இல் அவர்களுக்கென்று அரங்கில் தனி இடமே ஒதுக்கினார்கள். இரசிகர்கள் நாடாக்களைத் தங்களுக்குள் பரிமாறிக்கொண்டார்கள். நாடாவில் கேட்டவர் நேரில் கேட்க நுழைவுச் சீட்டு வாங்கினார்.

உங்களுக்கு இந்த வழியில் எளிதாகச் செய்யக்கூடியது, சுற்றுலாப் பயணிகள் வந்து தங்கும் எல்ல என்ற ஊரில் இருக்கிறது. அங்குள்ள சிறு விடுதிகளில் காலை உணவோடு தேநீர் கொடுக்கிறார்கள். பல இடங்களில் மலிவான தூளையே போடுகிறார்கள். பத்து விடுதிகளைத் தெரிவு செய்து, முதல் இரண்டு மாதங்களுக்குத் தூளை இலவசமாகக் கொடுங்கள். பதிலுக்கு மேசையில் ஒரு சிறு அட்டை வைக்கச் சம்மதம் கேளுங்கள். அட்டையில் அம்மாயியின் பெயரும், அவர் எந்த மலையில் எத்தனை வருடம் கொழுந்து எடுத்தார் என்பதும், பக்கற்று எந்தக் கடையில் கிடைக்கும் என்பதும் மட்டும் இருக்கட்டும். அங்கே குடித்துப் பிடித்துப்போனவர் ரயில் ஏறும் முன் பக்கற்றைத் தேடுவார். உள்ளூர்ச் சில்லறைக் கடைகளுக்கு வேறு வழி. அம்மாயியின் பெயரை மறக்காத அந்தக் கடைக்காரர்கள் யார் யார் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். அவர்களுக்கு நேரில் போய், பழைய பெயர் திரும்பி வருகிறது என்று மற்றவர்களுக்கு முன்பே சொல்லுங்கள். முதல் மூடையை அவர்களுக்குக் கொடுங்கள். வாங்கிக் குடிப்பவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று மாதம் ஒரு முறை கேளுங்கள். இந்த வேலையைத் தம்பியிடம் கொடுக்கலாம். அவருக்குச் சனங்களோடு பேசும் திறமை இருப்பது அவருடைய திட்டத்திலிருந்தே தெரிகிறது.

சினிமாப் பாட்டு விளம்பரத்தை எந்த நிலையிலும் செய்யாதீர்கள். ஒரு பாட்டில் இசையமைப்பாளர், பாடலாசிரியர், தயாரிப்பாளர், ஒலிப்பதிவுக் கம்பனி என்று பலருக்கு உரிமை இருக்கலாம். வியாபாரத்துக்குப் பயன்படுத்த எழுத்து மூலமான அனுமதி வேண்டும். இளையராஜா தம் பாடல்களின் உரிமைக்காக நீதிமன்றம் வரை போனதைச் செய்திகளில் படித்திருப்பீர்கள். பிரச்சினை வராமல் தப்பினாலும், கேட்பவர் மனதில் வருவது அந்தப் படத்தின் நாயகன் முகம்தான், உங்கள் பக்கற்று அல்ல. ‘ரோஜா’வுக்கு முன் ரகுமான் வருடக்கணக்காக விளம்பரங்களுக்கு மெட்டமைத்தவர், 2002இல் எயார்டெல்லுக்கு அவர் அமைத்த சிறு மெட்டை ஒரு வார்த்தையும் இல்லாமலே சனங்கள் அடையாளம் கண்டார்கள். அந்த மெட்டு வேறு எதையும் நினைவூட்டவில்லை என்பதே அதன் பலம். வீடியோவில் ஓசை வேண்டுமென்றால், உங்கள் ஊர்த் தப்புக் கலைஞர்களுக்கு நியாயமான கூலி கொடுத்து எட்டு வினாடிக்கு ஓர் அடியைப் பதிவு செய்து, உரிமையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எந்த அடி என்பதை மட்டும் பெரியவர்களிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். சாவு வீட்டு அடியோடு தேயிலை விற்க முடியாது.

இப்போது நீங்கள் கேட்காத ஒரு விடயம். உங்கள் வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதிவு செய்திருப்பதாகக் கடிதத்தின் தலைப்பிலிருந்து தெரிகிறது. அது வியாபாரம் நடத்துவதற்கான பதிவு; அந்தப் பெயரைத் தேயிலைப் பக்கற்றில் வேறு யாரும் போடாமல் தடுக்கும் உரிமையை அது தராது. அதற்கு 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ், கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் வியாபாரக் குறியாகப் பதிவு செய்ய வேண்டும். பதிவு பத்து வருடத்துக்குச் செல்லும், பின்னர் புதுப்பிக்கலாம். அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்டின் முதல் ஆறு இசைத்தொகுப்புகளின் மூலப்பதிவு உரிமை 2019இல் அவருடைய விருப்பமில்லாமலே கைமாறியது. அவர் 2021 முதல் நான்கு தொகுப்புகளைத் திரும்பப் பாடி வெளியிட்டு, 2025இல்தான் மூலப்பதிவுகளை விலை கொடுத்து மீட்டார். தாமே உருவாக்கியதைத் தாமே வாங்கும் நிலை உங்களுக்கு வரக்கூடாது.

விண்ணப்பிக்கும்போது எந்தப் பொருள் வகுப்பில் பதிவு செய்கிறீர்கள் என்பது முக்கியம். பீட்டில்ஸ் குழுவினர் 1968இல் ‘ஆப்பிள்’ என்ற பெயரில் ஒரு கம்பனி தொடங்கினார்கள். பின்னர் கணினிக் கம்பனியும் அதே பெயரோடு வந்தது. 1978இல் வந்த முதல் வழக்கு, ஒருவர் இசையிலும் மற்றவர் கணினியிலும் இருப்பது என்ற சமரசத்தில் முடிந்தது. கணினி பாட்டு இசைக்கத் தொடங்கியதும் பிணக்கு மீண்டும் கிளம்பி, வழக்கும் சமரசமுமாக 2007 வரை இழுபட்டது. தேயிலையும் கோப்பியும் 30ஆம் வகுப்பில் வருபவை. நாளைக்கு விடுதியோ தேநீர்க் கடையோ நடத்தும் எண்ணம் இருந்தால், அதற்குரிய வகுப்பையும் இப்போதே விசாரியுங்கள். ஓர் ஆளின் பெயரைச் சாதாரண எழுத்தில் அப்படியே பதிவு கேட்டால் மறுப்பு வரலாம். தனி வடிவில் எழுதி வாங்குங்கள் என்று மேலே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். ஏற்கெனவே அந்தப் பெயர் வேறு யாருக்காவது பதிவாகியிருக்கிறதா என்று தேடிப் பார்த்த பிறகே லேபிளை அச்சடியுங்கள். சிலோன் டீ பக்கற்றுகளில் காணும் சிங்கச் சின்னம் இலங்கைத் தேயிலைச் சபைக்குச் சொந்தமானது. முழுக்க இலங்கைத் தேயிலையாக, இங்கேயே பொதி செய்யப்பட்டு, அவர்களுடைய தரத்துக்கு உட்பட்டிருந்தால் மட்டுமே அனுமதி பெற்றுப் போடலாம்.

உங்கள் தம்பி இந்தப் பதிலைப் படித்தால் ஓர் ஆட்சேபம் சொல்வார்: பிரித்தானியப் பாடகர் டேவிட் போவியைப் போன்றவர்கள் ஆண்டுக்கு ஒரு வேடம் போட்டுத்தானே பெயர் எடுத்தார்கள்? உண்மை. ஆனால் போவியின் இரசிகர் அடுத்த வேடத்துக்காகவே காத்திருந்தார். காலையில் அடுப்படியில் நின்று தண்ணீர் கொதிக்கக் காத்திருப்பவர் நேற்றுக் குடித்ததையே எதிர்பார்க்கிறார். ஒரு வீட்டில் நூறு பாடகர்களின் பாட்டு இருக்கலாம், தேயிலை டின் ஒன்றுதான் இருக்கும். கலைஞர்களைப் பார்த்து நாம் படிக்கும் பாடம் இந்த இடத்தில் நின்றுவிடுகிறது. வெற்றி பெற்றவர்களையே நாம் பார்க்கிறோம் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். அதே வேடங்களைப் போட்டுக் காணாமல் போனவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

இருந்தாலும் அவருடைய புதுமை ஆசைக்கு ஓர் இடம் கொடுக்கலாம். ஜூலை முதல் செப்டெம்பர் வரையான ஊவாப் பருவத் தூளை, தாழ்நாட்டுத் தூள் கலக்காமல், தனிப் பக்கற்றாகப் போடுங்கள். பெயரும் எழுத்து வடிவமும் அதேதான். நிறம் மட்டும் வேறு. பறித்த மாதமும் வருடமும் முன்பக்கத்தில் பெரிதாக இருக்கட்டும். அளவைக் குறைவாக வைத்து, எல்ல விடுதிகளுக்கும் கொப்பியில் உள்ள கடைக்காரர்களுக்கும் மட்டும் கொடுங்கள். முடிந்துவிட்டால் அடுத்த வருடம்தான் என்று சொல்லுங்கள். வழமையான கலவையின் ருசி அதனால் மாறாது. அந்தப் பக்கற்றின் லேபிளை எப்படி அமைப்பது என்பதைத் தம்பியே முடிவு செய்யட்டும்.